பெயரை நம்பிச் செய்த ஒட்டகச்சிவிங்கி

கொலுவில் இந்த வருஷம் காட்டு மிருகங்களுக்கு ஒரு படி ஒதுக்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். யானை, புலி, மான் எல்லாம் பரண் பெட்டியில் இருந்தன. ஒட்டகச்சிவிங்கி இல்லை. கடையில் கிடைத்தது பிளாஸ்டிக், அதிலும் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. காகிதத்தில் நாமே செய்துவிடலாம் என்று வாயை விட்டேன். ஏற்கெனவே ஆமையும் வாத்தும் செய்த கைதான். ஆனால் ஆமைக்குக் கழுத்து சாயாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கம்பி வளைக்க உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, ஒட்டகம் தெரியும். சிவிங்கின்னா என்ன?"

வேட்டைக்குப் பழக்கி வைத்திருந்த, ஒல்லியான, கறுப்புப் புள்ளி போட்ட பூனைக் குடும்ப மிருகம். இன்றைக்குச் சிவிங்கிப்புலி என்கிறோம். இதைச் சொன்னேன்.

"அப்ப ஒட்டகம் செஞ்சு புள்ளி வெச்சா முடிஞ்சுதா?"

இந்தக் கேள்விதான் வேலையைத் திசைதிருப்பியது. போட்டோ எதையும் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துச் செய்தால் என்ன வரும்? பெயர் போதாத இடத்தில், அந்த மிருகத்தை முதன்முதலாகப் பார்த்து மிரண்டவர்கள் எழுதியதை வைத்துக்கொள்ளலாம். பந்தயம் மாதிரி ஆகிவிட்டது.

நம் சொல்லுக்குப் பின்னால் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது: கமேலோபார்தாலிஸ். கமேலோஸ் என்றால் ஒட்டகம், பார்தாலிஸ் என்றால் சிறுத்தை. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அது கேமலோபார்ட் ஆகி, ஜிராஃப் என்ற சொல் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை ஓடியது. மலையாளம், கன்னடம், இந்தி எல்லாம் ஜிராஃபின் பக்கம் போய்விட்டன. தமிழ் மட்டும் பழைய பெயரையே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டது. பழைய வடிவம் ஒட்டைச்சிவிங்கி. ஒட்டை என்றாலும் ஒட்டகம்தான். ஏதென்ஸில் இன்றைக்கும் குழந்தைகள் கமிலோபார்தாலி என்றுதான் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளையும் அந்த ஊர்ப் பிள்ளையும் ஒரே மாதிரி இரண்டு மிருகங்களை ஒட்டிச் சொல்கிறார்கள்.

சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய செய்தித்தாள், கால் கிலோ மைதா, கட்டுக்கம்பி ஒரு சுருள், கொஞ்சம் தடித்த ஜிஐ கம்பி, மூங்கில் சிம்பு, சணல் நூல், மிச்சமிருந்த சுவர்ப் பட்டி, உப்புத்தாள், ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு.

வெள்ளோட்டமாக ஒரு சாண் உயரத்தில் "பெயர்ப்படி" ஒன்று செய்தோம். அக்கா மகளே வளைத்தாள். நாலு கால், ஒட்டக முகம், முதுகில் நல்ல பெரிய திமில். திமில் எதற்கு என்று கேட்டேன். "ஒட்டகம்னாங்களே, திமில் வேண்டாம்னு பேர்ல எங்க இருக்கு?" நியாயம்தான். கழுத்து நீளம் என்றும் பெயரில் எங்கேயும் இல்லை. ஒட்டகக் கழுத்துதான் வைத்தாள். காய்ந்ததும் மார்க்கர் பேனாவால் கறுப்புப் புள்ளி குத்தினாள். அம்மை போட்ட ஒட்டகம் மாதிரி இருந்தது. அதை மேசை ஓரத்தில் காவலுக்கு வைத்துவிட்டுப் பெரிய வேலையைத் தொடங்கினோம்.

ஆண் ஒட்டகச்சிவிங்கி ஐந்தரை மீட்டர் வரை வளரும். பத்தில் ஒரு பங்கு என்று வைத்து 55 சென்டிமீட்டர் குறித்தேன். படிக்கு அது கொஞ்சம் அதிகம். மேல் படி பொம்மையின் காலில் தலை இடிக்கும் என்று அம்மா அப்போதே சொன்னார். கேட்கவில்லை.

முதலில் கால். ஜிஐ கம்பியை இரட்டையாக முறுக்கி, ஒரு காலைத் தூக்கி நடக்கிற நிலையில் வைக்க நினைத்தேன். மாடு நடக்கிற மாதிரி, இடது முன்காலும் வலது பின்காலும் முன்னால். இங்கே ஹெலியோடோரஸ் குறுக்கே வந்தார். கிரேக்கத்தில் கதை எழுதியவர். அவர் கதையின் கடைசிப் பகுதியில் அக்ஸும் நாட்டுத் தூதர்கள் எத்தியோப்பிய அரசனுக்கு இந்த மிருகத்தைப் பரிசாகக் கொண்டுவருகிறார்கள். வலப்பக்கக் கால் இரண்டும் சேர்ந்து போகும், பிறகு இடப்பக்கக் கால் இரண்டும் சேர்ந்து போகும் என்று நடையைக் குறித்து வைத்திருக்கிறார். கவனமாகப் பார்த்த யாரோ சொல்லிக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அது சரி. ஒட்டகமும் அப்படித்தான் நடக்கும். பெயரில் இருக்கிற ஒட்டகம் முதன்முதலாகச் சம்பாதித்துக் கொடுத்த இடம் இது. கம்பியைப் பிரித்து, ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் முன்னால் வைத்து மறுபடி முறுக்கினேன்.

அதே கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிருகத்தைப் பார்த்ததும் கூட்டமே தன்னிச்சையாக அதற்குக் கமேலோபார்தாலிஸ் என்று பெயர் வைத்துவிட்டதாம். அவர் எழுதும்போது அந்தப் பெயருக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்தது காலின் நீளம். கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் தன் வெற்றிவிழாவுக்கு ரோமுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த ஊர் கண்ட முதல் ஒட்டகச்சிவிங்கி அது. இரண்டரை நூற்றாண்டு கழித்து வரலாறு எழுதிய காசியஸ் டியோ அதைப் பற்றிச் சொல்வதன் சாரம் இது: எல்லா விதத்திலும் ஒட்டகம்தான், ஆனால் கால்கள் ஒரே அளவில் இல்லை, பின்கால்கள் குட்டை, பின்புறத்திலிருந்து மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும், எதன் மேலோ ஏறுவதுபோலத் தோன்றும், தோல் சிறுத்தைபோலப் புள்ளியுள்ளது, அதனால்தான் இரண்டின் பெயரையும் சுமக்கிறது.

ஒரு தச்சருக்குக் கொடுக்கிற குறிப்பு மாதிரி தெளிவாக இருந்தது. முன்கால் 20 சென்டிமீட்டர், பின்கால் 13 என்று வெட்டினேன். உடம்புக்குக் காகிதத்தைக் கசக்கிச் சுற்றி நூலால் கட்டி, தூக்கி நிறுத்தினேன்.

அம்மா வந்து பார்த்தார். "என்னடா இது, கழுதைப்புலியா?"

கழுதைப்புலியேதான். தாழ்ந்த பின்புறம், ஏறின தோள், நடுவில் சரிவு. சிரித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அரபு நாட்டிலும் இதே கண் இதே மாதிரி பார்த்திருக்கிறது. பெண் ஒட்டகத்துக்கும் கழுதைப்புலிக்கும் காட்டு மாட்டுக்கும் நடந்த கலப்பில் பிறந்ததுதான் ஸராஃபா என்று ஒரு கதை அங்கே உலவியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த அல்-ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கதையை எடுத்துப் பேசி, நம்ப மறுத்தார். இத்தாலிய மொழி வழியாக ஜிராஃப் ஆனது அந்த ஸராஃபாதான். அந்தச் சொல்லுக்கே "கூட்டம்" என்று பொருள் சொல்லி, பல மிருகங்களின் கூட்டு என்று விளக்கம் கொடுத்தவர்களும் உண்டு. பாரசீகக்காரர்கள் இன்னும் தாராளம்: உஷ்துர்-காவ்-பலங், அதாவது ஒட்டகம்-மாடு-சிறுத்தை. எல்லா ஊரிலும் இதற்குப் பெயர் வைத்தவர்கள் சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பந்தயத்தை மீறினோம். போட்டோ இல்லை, எலும்புக்கூட்டுப் படம் ஒன்று மட்டும். பார்த்தால், முன்காலும் பின்காலும் நீளத்தில் பெரிதாக வித்தியாசப்படவில்லை. சரிவு காலால் வருவதில்லை, தோளால் வருகிறது. தோளுக்கு மேலே முதுகெலும்பிலிருந்து நீளமான எலும்பு முட்கள் நட்டுக்குத்தலாக நிற்கின்றன. டியோவின் கண் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. பின்காலில் கம்பி ஒட்டுப்போட்டு 18 ஆக்கினேன். தோளில் ஒரு பந்து காகிதத்தை வைத்துக் கட்டி மேடாக்கினேன். "திமில் வந்துடுச்சு, ஆனா முன்னாடி வந்துடுச்சு" என்றாள் அவள். மேசை ஓரத்து அம்மை ஒட்டகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

கழுத்துக்கு ரோமின் பெரிய கலைக்களஞ்சியக்காரர் பிளினியைக் கேட்டால் வேலைக்கு ஆகாது. குதிரைக் கழுத்து, மாட்டுக் கால், ஒட்டகத் தலை என்று அடுக்குகிறார். நீளம் என்று ஒரு வார்த்தை இல்லை. உலகத்திலேயே நீளமான கழுத்தைக் குதிரைக் கழுத்து என்று சொல்லிவிட்டுப் போக எப்படி மனசு வந்ததோ. எத்தியோப்பியர்கள் இதை நபுன் என்பார்கள், பார்வைக்குத்தான் அதிசயம், மூர்க்கம் இல்லை, அதனால் காட்டுச் செம்மறி என்ற பெயரும் வந்தது என்கிறார். ரோமானியக் கூட்டம் ரத்தம் பார்க்க வந்த இடத்தில் இது சாதுவாக நின்றிருக்கிறது. செம்மறி என்று சொன்னதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்திருக்கலாம். ஹெலியோடோரஸ்தான் கைகொடுத்தார்: தோளில் தடிமனாகத் தொடங்கி அன்னத்தின் தொண்டைபோல மெலிந்துகொண்டே போகும் கழுத்து. அதை வைத்துத்தான் செய்தேன்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான், நமக்கு இருப்பதுபோல. ஆகவே கம்பியில் ஏழு காகித உருளைகளைக் கோத்தேன். ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மேலே போகப்போக ஒல்லி. இடையில் விட்ட சந்துகளால் வளைவைச் சரிசெய்ய வசதியாக இருந்தது. இது யாரும் சொல்லித் தராமல் தானாக வந்த நல்ல யோசனை, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு தாள் ஒட்டுதல். தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் மெலிந்து ஒன்றோடொன்று கரைந்துவிடும். வெட்டிய ஓரம் காய்ந்ததும் வரப்பு மாதிரி தெரியும். செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் இஷ்டத்துக்குப் போகும். விரல் அகலத்துக்குக் கிழித்து, பசையில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் வழித்துவிட்டு ஒட்ட வேண்டும். வழிக்காமல் ஒட்டினால் தண்ணீர்ப் பாரம். நான் அவசரத்தில் வழிக்கவில்லை. தலைக்குள்ளும் ஈரக் கூழை அடைத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மூக்கு பலகையில் இருந்தது. குளத்தில் தண்ணீர் குடிக்கிற மாதிரி குனிந்து, கழுத்து நடுவில் மடங்கிப்போயிருந்தது. அக்கா மகள் அழவில்லை. "தாகம்" என்றாள்.

சரிசெய்த விதம்: மடங்கின இடத்தில் பிடரிப் பக்கமாக பிளேடால் நீளமாகக் கீறினேன். மூங்கில் சிம்பு ஒன்றைக் கம்பியோடு சேர்த்து உள்ளே செருகி, தோளிலிருந்து தலைவரை கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் இறுக்கினேன். தலையைப் பின்பக்கம் திறந்து கூழைத் தோண்டி எடுத்துவிட்டு, வெறும் கூடாக்கினேன். கடைசியில் தோள்மேட்டிலிருந்து மண்டைவரை பிடரியோடு ஒரு சணல் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். காய்ந்ததும் அவிழ்த்துவிடத்தான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நிஜ மிருகத்துக்கும் அதே இடத்தில் அதே வேலை செய்கிற தடித்த தசைநார் ஒன்று உண்டு, தோளில் நிற்கிற அந்த எலும்பு முட்கள் அதற்குக் கட்டுத்தறி. நூலை அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே தாள் ஒட்டிவிட்டேன். பிடரி மயிர் வைக்கவும் அந்த விளிம்பு உதவியது.

நாலு நாள் மழை. வயிற்றடியில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்தது, கிட்டே போனால் புளித்த மாவு வாடை. தப்பு என்னுடையதுதான், முதல் தடவை பசை காய்ச்சியபோது மயில்துத்தம் போடவில்லை. பிடித்த இடத்தைச் சுரண்டி எடுத்து, ஒரு டம்ளர் பசைக்கு ஒரு சிட்டிகை துத்தம் போட்டுப் புதிதாக ஒட்டினேன். துத்தம் விஷம். இந்தப் பசையில் அவளைக் கைவைக்க விடவில்லை, காய்ச்சின பாத்திரமும் சமையலறைக்குத் திரும்பிப் போகவில்லை.

மழை விட்டதும் குளம்பு. பட்டியைக் குழைத்து வைத்து, ஈரமாக இருக்கும்போதே கத்தி முனையால் நடுவில் பிளந்துவிட்டேன். மாட்டுக் குளம்பு மாதிரி இரட்டை. பிளினி மாட்டுக் கால் என்றது இங்கே பொருந்துகிறது, பாரசீகப் பெயரில் இருக்கிற மாட்டுக்கும் கணக்கு சரியாகிறது. இந்தப் பிளவு ஒரு காலத்தில் பெரிய விஷயமாகவே இருந்திருக்கிறது. யூதர்கள் உண்ணத்தக்க பிராணிகளின் பட்டியல் பைபிளின் உபாகமத்தில் வருகிறது: குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோட வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள், ஸெமெர் என்ற எபிரேயச் சொல் வந்த இடத்தில் கமேலோபார்தாலிஸ் என்று போட்டுவிட்டார்கள். அதே நூற்றாண்டில் அதே ஊரில் எகிப்து அரசன் இரண்டாம் தாலமி நடத்திய பெரிய ஊர்வலத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கியும் போனது. ஊரில் பேசப்பட்ட மிருகம், அதனால் கைக்கு வந்த சொல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொம்புக்கு ஒப்பியன். வேட்டையைப் பற்றிக் கிரேக்கத்தில் பாட்டு எழுதியவர். காதுகளுக்குப் பக்கத்தில் நெற்றிப்பொட்டுகளுக்கு நடுவே எழுகிற, கொம்பு என்று சொல்ல முடியாத வலுவற்ற முனைகள் என்கிறார். நிஜத்தில் அவை தோல் மூடிய எலும்பு. தீக்குச்சி இரண்டை வெட்டி நட்டு, தாளைச் சுற்றி, நுனியில் பட்டி உருண்டை வைத்தேன். காதுக்குப் போஸ்ட்கார்டு அட்டை. ஒரு காது இரண்டு தடவை விழுந்தது.

இனி தோல். பெயரின் மறுபாதி.

பட்டியை மெல்லப் பூசி உப்புத்தாள் தேய்த்து வெள்ளை அடித்ததும், அவள் பெயர்ப்படி கறுப்புப் புள்ளி வைக்கலாம் என்றாள். ஒரு தொடையில் மட்டும் வைத்துப் பார்த்தோம். சிவிங்கிக்குப் புள்ளி ஒவ்வொன்றும் நிறைந்த பொட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் டால்மேஷன் நாய். வெள்ளை அடித்து அழித்தோம். கிரேக்கப் பெயரில் இருப்பது சிறுத்தை அல்லவா, சிறுத்தைக்குப் புள்ளி ரோஜா மாதிரி வளையம். அதையும் போட்டோம். கொஞ்சம் கிட்டே வந்தது, ஆனாலும் யாரோ சிறுத்தைத் தோலைப் போர்த்திவிட்ட மாதிரிதான் இருந்தது.

இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். ஆர்தெமிதோரஸ் என்ற பழைய கிரேக்கப் புவியியல்காரர் சொன்னதை எடுத்து எழுதும் இன்னொரு புவியியல்காரர் ஸ்ட்ராபோ, இதற்கும் சிறுத்தைக்கும் ஒன்றுமே சம்பந்தமில்லை, தோலின் நிறக்கோலம் மான்கன்றின் புள்ளித்தோலைப் போல இருக்கிறது என்கிறார். பின்புறம் வாலின் மேல் உட்கார்ந்ததுபோலத் தாழ்ந்திருக்கும், சாதுவானது, காட்டு மிருகமே இல்லை என்றும் சேர்க்கிறார். பிளினியும் ஒரே வரியில் வழி காட்டுகிறார்: செம்மை நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். நாங்கள் அதுவரை வெள்ளையில் கறுப்பு வைத்துக்கொண்டிருந்தோம். அவர் சொல்வது தலைகீழ்.

கொலுப் பெட்டியிலிருந்து புள்ளிமானை எடுத்து பக்கத்தில் வைத்தோம். செம்பழுப்பு உடம்பு, வெள்ளைப் பொட்டு. சரிதான். முழு உடம்புக்கும் செம்பழுப்பு அக்ரிலிக் இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் தயிர் நிறத்தில் வெள்ளைக் கோடு இழுத்தேன். ஒரு கோடு, அதை வெட்டி இன்னொன்று, வயல் வரப்பு மாதிரி. உடம்பில் பெரிய கட்டம், கழுத்தில் நீளக் கட்டம், முகத்தில் பொடிக் கட்டம். மூன்றாவது கோட்டிலேயே ஒட்டகச்சிவிங்கி எட்டிப்பார்த்துவிட்டது. அவளிடம் தூரிகையைக் கொடுத்தேன். இடது பக்கம் முழுக்க அவள் கோடு. என் பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது, ஏனென்றால் அவள் நேராக இழுக்க முயலவில்லை.

1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது மான் இனத்தில்தான் சேர்த்தார்: செர்வஸ் கமேலோபார்தாலிஸ். நாலு வருஷம் கழித்து பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் ஜிராஃபா என்று தனிப் பேரினம் ஆக்கினார். இன்றைய அறிவியல் பெயரில் அரபுச் சொல் முன்னால், கிரேக்கச் சொல் பின்னால் நிற்கிறது. ஸ்ட்ராபோவின் மான்தான் விலகிப்போய்விட்டது. பாதி ஒட்டகத்தை இப்போது நான் ஒத்துக்கொள்கிறேன். நடை, முகம், உதடு மூன்றும் அதனுடையவை. சிறுத்தைப் பாதியை யார் சேர்த்தாரோ, அவர் தோலைத் தூரத்திலிருந்து பார்த்தவர். அந்தச் சிறுத்தையின் ஆங்கிலப் பெயரே ஒரு கலப்புதான், சிங்கத்துக்கும் பார்டு என்ற மிருகத்துக்கும் பிறந்தது என்று நம்பி ஒட்டிய லெப்பர்டு. கலப்பு நம்பிக்கை எங்கே தொட்டாலும் வருகிறது.

பலகையின் மூலையில் மரம் வேண்டும் என்றாள். காய்ந்த கருவேலங்கிளை ஒன்றை முள்ளோடு நட்டு, ஓட்டையில் எம்-சீல் வைத்தேன். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிகான்ஸ் பேசுகிறவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி காமேல்பெர்ட், ஒட்டகக்குதிரை. அது விரும்பித் தின்கிற, நம் கருவேலத்தின் பேரினத்தைச் சேர்ந்த மரத்துக்குப் பெயர் காமேல்டூரிங், ஒட்டகமுள். ஒட்டகத்துக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே ஒட்டகம் என்றால் இதுதான்.

மொத்தம் பதினேழு நாள். பட்டி போட்ட பிறகு பாரம் கொஞ்சம் கூடிவிட்டதால் பலகையை முன்பக்கம் மூன்று விரல்கடை நீட்ட வேண்டியிருந்தது. அடுத்த தடவை செய்தால் தலையை முதலிலேயே கூடாகச் செய்வேன், பசையில் முதல் நாளே துத்தம் போடுவேன், உயரத்தை 40 சென்டிமீட்டரோடு நிறுத்துவேன். அம்மா சொன்னது நடந்தது: மேல் படியில் உட்கார்ந்த செட்டியாரின் காலில் கொம்பு இடித்தது. செட்டியாரை ஓரமாக நகர்த்தினோம். அம்மை ஒட்டகத்தையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம். இரண்டுக்கும் ஒரே அட்டையில் ஒரே பெயர் எழுதி வைத்திருக்கிறாள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சின்னதைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள்.